அரசுப் பணமும் அவரவர் வங்கிக் கணக்கும்

முன்னுரை

பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் அரசின் கடன் முடிந்துவிடுவதில்லை. ஈட்டிக் காத்த பொருளை வகுத்தளிப்பதும் அதன் கடனேயாம். இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசுக்குரியனவாக எண்ணும் நான்கனுள் இறுதியாக நிற்பது வகுத்தல். வகுத்த பொருள் எவ்வழியாக உரியவர் கையைச் சென்றடைகிறது என்பது அதனை அடுத்தெழும் வினா. அவ்வினாவுக்கு நம் காலம் தந்துள்ள விடை, வங்கிக் கணக்கில் நேரடி வரவு என்பதாகும். முதியோர் உதவித்தொகை, மாணவர் கல்வி உதவித்தொகை, எரிவாயு மானியம், கூடுதலாகச் செலுத்திய வருமான வரி ஆகிய யாவும் இன்று இவ்வொரு வாயிலின் வழியாகவே வீட்டினுள் நுழைகின்றன.

இவ்வாயில் அமையுமுன் வேறொரு வாயில் இருந்தது. நம்மிற் பெரியவர்கள் அதனை நன்கறிவர். மாதத்தில் ஒரு நாள் தெருமுனையில் தபால்காரரின் மிதிவண்டி மணி ஒலிக்கும். திண்ணையருகே நின்று, "பாத்திமுத்தம்மா, பணம் வந்திருக்கு!" என்று அவர் குரல் கொடுப்பார். மூதாட்டியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, பணவிடைத் தாளில் இடக்கைப் பெருவிரலைப் பதிப்பார். அண்டை வீட்டார் ஒருவர் சாட்சிக் கையொப்பம் இடுவார். அக்காட்சியில் அம்மூதாட்டியாரின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பதை ஒருவரும் நோக்கியதில்லை. தபால்காரருக்கு அவர்தம் முகம் தெரியும், குரல் தெரியும், அவர் நலமுடன் இருக்கிறாரா என்பதும் தெரியும்.

கணிப்பொறிக்கு முகம் தெரியாது. எழுத்தும் எண்ணுமே அதற்குத் தெரியும். இம்மாற்றத்தின் விளைவாக எழுந்துள்ள சிக்கல்களுள் சில, நம் போன்ற தமிழ்த்துறையினரும் ஆராய்தற்குரியவை. 'நேரடி' என்று பெயர் சூட்டப்பெற்ற இம்முறை உண்மையிலேயே நேரடியாக அமைய வேண்டுமாயின், கணக்குக்கு உரியவரின் பெயர் எங்கும் ஒன்றாகவும், கணக்கு அவருடைய ஆளுகையிலும் இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பணவிடையிலிருந்து வங்கிக்கு

இந்தியாவில் அஞ்சலகப் பணவிடை முறை 1880ஆம் ஆண்டு தொடங்கியது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962இல், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், திங்களுக்கு 20 ரூபாய் என்ற அளவில் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் அத்தொகை பணவிடையாகவே சென்றது. பின்னாளில் நூற்றுக்கு ஐந்து என்ற விழுக்காட்டில் நின்ற பணவிடைக் கட்டணம் அரசுக்குச் சிறு செலவன்று. ஆயினும் அச்செலவுக்கு ஈடாக ஒரு மனிதர் வாசல்வரை நடந்து வந்தார் என்பதையும் மறத்தலாகாது.

ஏழையருக்கென ஒதுக்கப்படும் ஒரு ரூபாயில் 15 காசே அவர்களைச் சென்றடைகிறது என்று 1985இல் அன்றைய தலைமையமைச்சர் இராஜீவ் காந்தி கூறியது பலகாலம் பேசப்பட்டது. அக்கணக்கின் துல்லியத்தை இங்கு ஆராய வேண்டுவதில்லை. ஆட்சியின் தலைமையில் இருந்தவரே ஒப்புக்கொண்டார் என்பதே அக்கூற்றின் வலிமை. இடைநிற்போரை நீக்கிப் பணத்தை நேரே செலுத்தும் எண்ணத்துக்கு அக்கூற்றும் உரமாயிற்று.

2013 ஜனவரி முதல் நாள் நாட்டின் சில மாவட்டங்களில் நேரடிப் பயன் மாற்றத் திட்டம் தொடங்கியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பெற்ற ஜன் தன் திட்டம் கணக்கில்லாத குடும்பங்களுக்குக் கணக்குகளை வழங்கியது. 2015 ஜனவரி முதல் சமையல் எரிவாயு மானியம் நாடெங்கும் வங்கி வழியாகவே தரப்பட்டது. நம் இல்லத்தரசியருள் பலர் வங்கிப் படியை முதன்முதலாக மிதித்தது இம்மானியத்தின் பொருட்டே எனலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகிய திட்டங்கள் உயர்கல்வி பயில்வோர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாயை அவரவர் கணக்கில் சேர்க்கும் முறையில் அமைந்தன. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய போக்கன்று. அமெரிக்க நடுவண் அரசும் 2025 செப்டம்பர் 30 முதல் காகிதக் காசோலைகளைப் பெரும்பாலும் கைவிடுவதென அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஆணையிட்டது.

இரு வழிகள்

அரசுப் பணம் கணக்கை வந்தடைய இரு வழிகள் உள. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

முதல்வழி, கணக்கு எண் வழி. பயனாளி தம் கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் தருகிறார். பணம் அவ்வெண்ணைத் தேடிச் செல்கிறது. அக்குறியீடு 11 இடங்களைக் கொண்டது. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாம் இடத்தில் நிற்பது சுழி. அதனை ஆங்கில 'ஓ' என்று எழுதிவிடுவோர் பலர். எஞ்சிய ஆறும் கிளையைச் சுட்டும். வங்கிகள் இணைக்கப்படும்போது இக்குறியீடுகள் மாறிவிடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அவ்வாண்டு நவம்பரில் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியும் டி.பி.எஸ். வங்கியுள் அடங்கிற்று. பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய குறியீட்டையே படிவத்தில் எழுதுவோர் இன்றும் உளர்.

இரண்டாம் வழி, ஆதார் வழி. இதில் கணக்கு எண்ணுக்கு வேலையில்லை. அரசு ஆதார் எண்ணை மட்டும் அனுப்புகிறது. 2008இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., ஒரு பதிவேட்டைப் பேணி வருகிறது. எந்த ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வங்கிக்குப் பணம் செல்லும். வங்கி தன்னிடமுள்ள உரிய கணக்கில் அதனை வரவு வைக்கும்.

ஈண்டு நுண்ணிதின் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் தம் ஆதாரை அடையாளச் சான்றாக நான்கு வங்கிகளில் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பதிவேட்டில் ஓர் ஆதார் எண்ணுக்கு நேரே ஒரு வங்கியின் பெயரே இருக்கும், அதுவும் இறுதியாகப் பதிவான வங்கியின் பெயர். அடையாளத்துக்கு ஆதாரைக் கொடுப்பது வேறு, அரசுப் பணம் பெறுவதற்கெனப் பதிவு செய்வது வேறு. "ஆதாரை இணைத்துவிட்டோமே" என்று பலரும் சொல்வது பெரும்பாலும் முன்னதையே.

எம்மிடம் பயின்ற மாணவி ஒருவரின் நிலை இதனை விளக்கும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த அவர், படிவத்தில் தம் ஊர் வங்கியின் கணக்கு எண்ணைப் பிழையின்றி எழுதியிருந்தார். உடன் விண்ணப்பித்த தோழியருக்குப் பணம் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. வங்கியில் கேட்டார், வரவு இல்லை என்றனர். அலுவலகத்தில் கேட்டார், அனுப்பியாயிற்று என்றனர். தேர்வுக் கட்டணத்துக்கு இறுதி நாள் நெருங்கவே, அவருடைய தாயார் தம் காதணியை அடகு வைத்துப் பணம் தந்தார். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் அம்மாணவி முடிவு செய்திருந்தார். 'எல்லாம் ஏமாற்று வேலை' என்பது வீட்டாரின் தீர்ப்பு.

நடுவண் அரசின் பொது நிதி மேலாண்மை முறையான பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பணம் சென்ற நிலையை அறியும் வசதி உண்டு. அதில் தேடிப் பார்த்தபோது வேறொரு வங்கியின் பெயர் தென்பட்டது. பத்தாம் வகுப்பில் படிக்கையில் பள்ளியில் நடந்த முகாமொன்றில் அவர் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். அதன் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. பணம் முழுவதும் அங்கே, பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், எட்டுத் திங்களாகக் கிடந்தது. வங்கியார் சொன்னதும் உண்மை, அலுவலகத்தார் சொன்னதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே ஒரு காதணி அடகுக் கடைக்குச் சென்றுவிட்டது.

தம் ஆதாருக்கு நேரே எவ்வங்கி பதிவாகியுள்ளது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றி அறியலாம். ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் மட்டும் வேண்டும். வேறு வங்கிக்கு மாற்ற விரும்புவோர், தாம் விரும்பும் வங்கிக் கிளைக்குச் சென்று, நேரடிப் பயன் பெறுவதற்காக ஆதாரைப் பதிவு செய்யுமாறு எழுதிக் கொடுத்தால் போதுமானது. 'நேரடிப் பயன் பெறுவதற்காக' என்னும் தொடரை விட்டுவிடலாகாது.

பெயரும் எழுத்தும்

இனி நம் துறைக்கு மிக அணுக்கமான சிக்கலுக்கு வருவோம்.

வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் வாரா என்பது தமிழ் மரபு. இம்மரபுக்கு இயைந்தே அரபுப் பெயர்கள் தமிழ் வழக்கில் உருப்பெற்றன. முகம்மது, அகமது என்பவற்றின் இறுதி உகரம் அவ்வாறு வந்ததே. வல்லின றகரத்தை உகரம் ஏந்தி நிற்கும் உமறு என்னும் வடிவத்தைச் சீறாப்புராண ஆசிரியரின் பெயரிலேயே காண்கிறோம். ஃபாத்திமா என்பது பாத்திமா ஆயிற்று. நம் பாட்டிமார் நாவில் பாத்திமுத்து என்றும் பாத்துமா என்றும் கனிந்தது. இவ்வடிவங்கள் யாவும் தமிழின் உயிர்ப்பைக் காட்டுவன, ஒன்றேனும் பிழையன்று.

இப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறும்போதே இடர் தொடங்குகிறது. முகம்மது என்பதன் முதலெழுத்துக்குப் பின் 'யூ' எழுதுவோர் ஒருசாரார், 'ஓ' எழுதுவோர் மற்றொரு சாரார். நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா? ஈற்றில் 'ஈ, டி' யா, 'ஏ, டி' யா? நான்கெழுத்தாகச் சுருக்கி எழுதும் வழக்கமும் உண்டு. காதர் என்பதைக் 'கே'யில் தொடங்குவோரும், 'கியூ'வில் தொடங்குவோரும், 'சி'யில் தொடங்குவோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். பாத்திமா பள்ளிச் சான்றிதழில் 'எஃப்' எழுத்தில் இருப்பார், குடும்ப அட்டையை ஒட்டி எழுதப்பட்ட வங்கிக் கணக்கில் 'பி' எழுத்தில் இருப்பார். தமிழில் ஒரே பெயராக ஒலிப்பது கணிப்பொறிக்கு இரண்டு பெண்டிர்!

தலைப்பெழுத்து மற்றொரு முட்டுக்கட்டை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் வழக்கம். வடநாட்டார் போலக் குடிப்பெயரைப் பின்னே இடும் பழக்கம் நமக்கில்லை. வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்குரிய விண்ணப்பமோ இறுதிப்பெயர் என்ற கட்டத்தில் வெறும் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. ஆகவே பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து மகனின் பெயர்க்குப் பின்னே நிற்கும். வங்கியிலோ ஒற்றை எழுத்து முன்னே நிற்கும். மணமான மகளிர்க்கு இன்னொரு மாற்றமும் நேர்கிறது. தந்தையின் எழுத்து நீங்கிக் கணவரின் எழுத்து வந்து சேர்கிறது. பள்ளிச் சான்றிதழ் பழைய எழுத்தோடும், ஆதார் புதிய எழுத்தோடும், வங்கிக் கணக்கு எழுத்தே இன்றியும் இருப்பதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்!

பெயர் மூன்று இடங்களில் சோதிக்கப்படுகிறது. திட்டத்துக்குரிய விண்ணப்பத்தின் பெயரை ஆதாரோடு ஒப்பிடுவது ஓரிடம். ஆதாரை வங்கி தன் ஏட்டோடு ஒப்பிட்டுப் பதிவு செய்வது மற்றோரிடம். வரித்தொகை திரும்ப வருகையில் பான் அட்டையின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒப்பிடப்படுவது மூன்றாமிடம். இம்மூன்றில் எங்கு இடறினாலும் பணம் நின்றுவிடும்.

இதற்கு நாம் கூறும் வழி எளியது. குடும்பத்தில் ஒவ்வொருவரும் தம் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து அதனையே எங்கும் நிலைநிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். மாணவர்க்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளதே அளவுகோலாகத் தக்கது. பிற்காலத்தில் எல்லா அலுவலகமும் கேட்பது அதனையே. பெரியவர்களைப் பொறுத்தவரை, திருத்துதற்கு அரியதைத் தொடாமல் எளியதைத் திருத்துவதே முறை. ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இருமுறையே ஏற்கப்படும். வங்கிக் கணக்கிலோ ஆதார் நகலுடன் ஒரு படிவம் தந்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். எனவே ஆதாருக்கேற்ப வங்கிக் கணக்கைத் திருத்துவது பல சமயம் பொருந்தும். ஆதாரிலேயே பிழை இருப்பின், ஆவணங்களை ஆய்ந்து ஒரே முறையில் செவ்வனே திருத்துக. அவசரத்தில் ஒருமுறையும், அவ்வவசரத்தின் பிழையைத் திருத்த மறுமுறையும் செலவிட்டுக் கைபிசைந்து நின்றோரை அறிவோம். பெயரே வேறாகிவிடும் அளவுக்கு மாற்றம் தேவைப்படின் அரசிதழில் வெளியிடுதல் உண்டு.

பெயரை எவ்வாறு எழுதுவது என்ற வினா இலக்கணத்தின் பாற்பட்டது மட்டுமே என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு.

திரும்ப வரும் வரி

மாதச் சம்பளத்திலிருந்தோ, வைப்புத்தொகையின் வருவாயிலிருந்தோ, ஒப்பந்தப் பணத்திலிருந்தோ வரி முன்னதாகவே பிடித்தம் செய்யப்படுகிறது. ஆண்டிறுதிக் கணக்கில் செலுத்த வேண்டியதைவிடப் பிடித்தது மிகுதியாயின், மிகுந்த தொகையைத் திரும்பப் பெறலாம். இது அரசின் நன்கொடையன்று, நம் பணமே. இருப்பினும் வரி வரம்புக்குள் வராத சிறு வருவாயினர் பலர், தம்மிடம் பிடிக்கப்பட்டது திரும்ப வராது என்றெண்ணி அறிக்கை அளிக்காமலே விட்டுவிடுகின்றனர்.

முன்னாளில் இத்தொகை காசோலையாக விரைவஞ்சலில் வந்தது. 2019 மார்ச்சு முதல், பான் எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பப்படுகிறது. அதற்குக் கணக்கை வருமான வரித் துறையின் மின்தளத்தில் முன்னரே பதிந்து, வங்கியின் ஒப்புதலைப் பெற்று, இக்கணக்குக்கே தொகை வரவேண்டும் என்று குறித்து வைத்தல் வேண்டும். மேலே கண்ட பெயர் வேறுபாடு இங்கேதான் மிகுதியும் முட்டும். வங்கியின் ஒப்புதல் கிட்டாவிடில், முதலில் வங்கிக்குச் சென்று பான் எண் பதியப்பட்டுள்ளதா, பெயர் ஒத்துள்ளதா என்று பார்த்துத் திருத்திக்கொண்டு மறுமுறை முயல்க.

அறிக்கையை அனுப்பியதோடு பணி முடிந்ததாகாது. அதனை மின்வழியில் உறுதிசெய்தல் வேண்டும். அதற்குரிய காலம் 2022 ஆகஸ்டு முதல் 30 நாளாகக் குறைக்கப்பட்டது. உறுதிசெய்யாத அறிக்கை அளிக்கப்படாத அறிக்கைக்கு ஒப்பாகும். அனுப்பிய தொகை கணக்குக் கோளாற்றால் திரும்பிவிட்டால் இழந்தோம் என்று வருந்த வேண்டுவதில்லை. கணக்கைச் சரிசெய்து, அம்மின்தளத்திலேயே மறுவழங்கல் வேண்டி விண்ணப்பிக்கலாம். ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் 2023 ஜூலை முதல் செயலற்றவையாக்கப்பட்டன. அவற்றை உடையோர்க்கு, விலக்களிக்கப்பட்டோர் நீங்கலாக, இணைக்கும்வரை தொகை திரும்ப வாராது.

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் நம்மிடையே பலர். வெளிநாட்டில் வாழ்வோராகிவிட்டபின் ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை அவ்வாறே வைத்திருத்தல் விதிக்குப் புறம்பானது. அதனை என்.ஆர்.ஓ. எனப்படும் வகைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். வரித்தொகையை அக்கணக்கிலும் பெறலாம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 'உமக்கு வரித்தொகை வந்துள்ளது, இந்த இணைப்பைத் தொடுக' என்று கைபேசியில் வரும் செய்திகள் பெரும்பாலும் கள்வர் விரித்த வலை. வரித்துறையோ வங்கியோ கடவுச்சொல்லையும் அட்டையின் மறைவெண்ணையும் எவரிடமும் கேட்பதில்லை.

கணக்கு யாருடையது?

நம் ஊர்களில் மிக நெடிதாகப் பேச வேண்டியது இதுவே.

2020 நவம்பரில் ஜார்க்கண்டு மாநிலத்தில் சிறுபான்மை மாணவர் உதவித்தொகையில் நடந்த மோசடி வெளிப்பட்டது. ஏழை மக்களை அணுகி, அவர்களின் ஆதாரையும் விரல் பதிவையும் பெற்றுக் கணக்குகள் தொடங்கி, வந்த தொகையில் ஒரு சிறு பங்கை அவர்களிடம் தந்துவிட்டுப் பெரும்பங்கை இடைத்தரகர் விழுங்கினர். பயனாளியின் பெயர் உண்மை, கணக்கும் உண்மை, பணமும் நேரடியாகவே வந்தது. பின்னர் 2023இல் சிறுபான்மையினர் நல அமைச்சகம் மேற்கொண்ட ஆய்வில் 1,572 நிறுவனங்களைச் சோதித்ததில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரியவந்தது. அதனால் நேர்ந்த இழப்பு 144.83 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டு, வழக்கு மையப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. களவாடப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் நம் பிள்ளைகள் போன்ற பிள்ளைகளின் பெயரால் ஒதுக்கப்பட்டது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு பதைக்கிறது.

இத்தகைய பெருங்களவு வேறு. வீட்டுக்குள்ளேயே நிகழும் சிறு நெகிழ்ச்சி வேறு. தாயின் கணக்கு அட்டையை மகன் வைத்திருப்பான். மறைவெண் மருமகனுக்குத் தெரியும். கைபேசி எண்ணோ கணவருடையது. ஆகவே வரவுச் செய்தியும் அவருக்கே போகும். பணம் வந்ததா இல்லையா என்பது பணத்துக்கு உரியவருக்கே தெரியாது. இவற்றில் தீய நோக்கம் இல்லாதிருக்கலாம். படித்தவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையே காரணமாகலாம். ஆயினும் கைம்பெண் உதவித்தொகை அக்கைம்பெண்ணுக்கென்றே வகுக்கப்பட்டது. அவர் பெயரில் தனிக்கணக்கும், இயன்றால் அவரது கைபேசி எண்ணும், அவரே புத்தகத்தைக் கொண்டுசென்று வரவு பதிந்து வரும் பழக்கமும் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமை இதற்குத் தடையன்று. பணவிடைக் காலத்தில் பெருவிரலே போதுமானதாக இருந்ததன்றோ!

பெருவிரல் இன்றும் செயற்படுகிறது. வங்கி முகவரின் சிறு கருவியில் விரலைப் பதித்துப் பணம் எடுக்கலாம். அப்போது அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும். எடுத்த தொகையும் எஞ்சிய இருப்பும் அதில் இருக்கும். "கருவி வேலை செய்யவில்லை, மறுபடி விரலை வையுங்கள்" என்று இருமுறை பதியச் சொன்னால், ஒருமுறை எடுத்ததா இருமுறை எடுத்ததா என்பது சீட்டில்லாமல் தெரியாது. பல ஆண்டு பீடி சுற்றியும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமற்போவதுமுண்டு. அத்தகையோர் வங்கிக் கிளைக்கே சென்று எடுப்பதே நலம். விரலைப் பயன்படுத்தாதோர் தம் விரற்பதிவை ஆதாரின் கைபேசிச் செயலி வாயிலாகப் பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கின் வகை. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கப்பெற்றபோது, முதல் மாதத்து ஆயிரம் ரூபாயிலேயே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் பிடித்தம் செய்தன. மாநில அரசு அதனைக் கண்டித்தது. சேமிப்புக் கணக்குகளுள் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என ஒன்றுண்டு. 2012இல் ரிசர்வ் வங்கி வகுத்தது அது. அதில் குறைந்தபட்ச இருப்பு வேண்டுவதில்லை. திங்களுக்கு நான்கு முறையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள கணக்கையும் எழுத்து மூலம் கேட்டு இவ்வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். கேளாதவர்க்கு வங்கி தானாக இதனைச் சொல்வது அரிது. இரண்டாண்டு கையாளாத கணக்கைச் செயலற்றது என ஒதுக்கும் வழக்கமுண்டு. உதவித்தொகைக்கும் அரசுப் பயனுக்கும் உரிய கணக்குகளை அவ்வாறு ஒதுக்கலாகாது என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறை கூறுகிறது.

ஆதார் இல்லாதார் நிலை என்ன என்று பெரியவர்கள் வினவக்கூடும். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பில், வங்கிக் கணக்குடன் ஆதாரைக் கட்டாயமாக இணைக்க வேண்டும் என்ற விதியைச் செல்லாததாக்கியது. அரசு மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டமோ, ஆதார் எண் வழங்கப்படாதவருக்கு மாற்று அடையாளத்தின் வழியாகப் பயன் தரப்பட வேண்டும் என்கிறது. ஆதலின் 'ஆதார் இல்லை, போய் வா' என்று ஒருவரைத் திருப்பியனுப்புதல் சட்டத்துக்கு ஒவ்வாதது.

வட்டி சேரும் என்ற தயக்கத்தால் கணக்கே தொடங்காத முதியோரும் நம் மகல்லாக்களில் உளர். அவர்தம் பேணுதலை நாம் மதிக்கிறோம். கணக்கில் சேரும் வட்டியைத் தனியே எழுதி வைத்து, தமக்கெனப் பயன்படுத்தாது, நன்மையை நாடாது எளியோர்க்குக் கொடுத்துவிடுவோர் பலர். இதில் ஆலிம் பெருமக்களை அணுகித் தெளிவு பெறுவதே தகும். அவர்களும் இத்தயக்கத்தால் ஒரு மூதாட்டி தம் உதவித்தொகையை ஆண்டுக்கணக்கில் பெறாதிருக்கும் நிலையைக் கருத்திற்கொண்டு விளக்குவார்களாக.

துறையின் சார்பில் ஒரு வேண்டுகோள்

உதவித்தொகை விண்ணப்பக் காலத்தில் வெள்ளிக்கிழமை நீங்கலாக எல்லா வேலைநாளிலும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் துறை அறையில் மாணவர் சிலரை அமர்த்தத் திட்டமிட்டுள்ளோம். கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், ஆதார் அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வரி பிடித்தம் செய்யப்பட்டோராயின் பான் அட்டை ஆகியவற்றை அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுச் சொல்லுவது அவர்கள் பணி. கடவுச்சொல்லை அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களும் சொல்லற்க. ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைபேசியைக் கையோடு கொண்டுவருதல் நலம். மாணவர் தம் தாயாரையோ பாட்டியாரையோ உடன் அழைத்து வரலாம். வர இயலாத முதியோரின் பெயரையும் தெருவையும் ஜமாஅத் அலுவலகத்தில் எழுதித் தந்தால், மாணவியர் இருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பர்.